தொலைநோக்கியே ஒளிர்ந்தால் என்ன செய்வது?

ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் அதிகமாக ஒளிர்கிறது என்று தெரிந்துகொள்ள 2898 என்ற எண் போதும். அதைப் பொருளின் வெப்பநிலையால் (கெல்வினில்) வகுத்தால் விடை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். சூரியப் பரப்பு 5,772 கெல்வின், விடை 0.5 மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளி. மனித உடல் 310 கெல்வின், விடை 9.3 மைக்ரான். அறை வெப்பநிலையில் இருக்கும் ஆடி, அதைத் தாங்கும் சட்டம், கேமராவின் உட்சுவர், தலைக்கு மேல் இருக்கும் காற்று எல்லாமே 10 மைக்ரானை ஒட்டி இரவும் பகலும் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. இது சிவப்பைவிட நீண்ட அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அந்த அலைநீளத்தில் தரையிலிருந்து மங்கலான ஒரு விண்மீனைப் பிடிக்க நினைப்பது, குழலுக்குள்ளேயே விளக்கு எரியும் தொலைநோக்கியைக் கொண்டு நண்பகலில் நட்சத்திரம் தேடுவதற்குச் சமம்.

விண்வெளிக்குப் போனால் காற்றின் தொல்லை தீரும். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் விழுங்கிவிடும் அலைநீளங்கள் திறந்துவிடும். ஆனால் தொலைநோக்கியின் சொந்த ஒளி அப்படியேதான் இருக்கும். அகச்சிவப்பு விண்தொலைநோக்கி எங்கே நிற்க வேண்டும், ஆடியை எந்த உலோகத்தில் வார்க்க வேண்டும், எத்தனை ஆண்டு உழைக்கும், எப்படிப் பழுதாகும் என எந்தக் கேள்வியை எடுத்தாலும் அந்த ஒளியை அணைப்பதில்தான் போய் நிற்கும். பேச்சு பெரும்பாலும் ஆடியின் விட்டத்தைப் பற்றியே இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது வெப்பநிலையை.

குளிர்வித்தால் எவ்வளவு பயன்? 300 கெல்வினில் இருக்கும் ஆடியை 40 கெல்வினுக்கு இறக்கினால், 5 மைக்ரானில் அதன் ஒளிர்வு 10-இன் 27-ஆம் அடுக்கில் ஒரு பங்காகிவிடும். இல்லை என்றே சொல்லலாம். அதே ஆடி 25 மைக்ரானில் ஏறக்குறைய மூன்று லட்சத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். அலைநீளம் கூடக் கூட ஒரே குளிர் தரும் பலன் இப்படி வேகமாகச் சரிகிறது. அதனால்தான் அண்மை அகச்சிவப்புக்கு நிழல் போதும், நடு அகச்சிவப்புக்குக் குளிர்பதனி வேண்டும், தொலை அகச்சிவப்பு உணரிகளுக்கோ முழுப்பூச்சியத்தை ஒட்டிய குளிர் வேண்டும். 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் சில உணரிகள் 0.3 கெல்வினில் வேலை செய்தன.

உணரிக்குக் குளிர் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒளித்துகள் வந்து மோதினால் உணரியில் ஓர் எலக்ட்ரான் விடுபட வேண்டும். 5 மைக்ரான் ஒளித்துகளிடம் இருப்பது 0.25 எலக்ட்ரான் வோல்ட். 28 மைக்ரானில் 0.044 மட்டுமே. இவ்வளவு சிறிய உந்துதலுக்கே எலக்ட்ரானை விடும் பொருள், தன் சொந்த வெப்பத்தாலும் அதை விட்டுவிடும். அந்தப் பொய்க் கணக்குக்குத்தான் இருள் மின்னோட்டம் என்று பெயர். 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியில் 5 மைக்ரான் வரை பார்க்கும் பாதரச-காட்மியம்-டெல்லுரைடு உணரிகள் 39 கெல்வின் அளவில் இருக்கின்றன. 28 மைக்ரான் வரை பார்க்கும், ஆர்சனிக் கலந்த சிலிக்கான் உணரிகள் 7 கெல்வினுக்கும் கீழே. ஒளித்துகளின் ஆற்றலை அந்தந்த வெப்பநிலையின் வெப்ப ஆற்றலால் வகுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் விடை 74-ஐ ஒட்டி வரும். உணரியின் வெப்பநிலையை முடிவு செய்வது அதன் அலைநீள எல்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கணக்கு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இந்தக் குளிரைப் பெறும் வழிகள் நாற்பது ஆண்டுகளில் நிறைய மாறியிருக்கின்றன. 1983 ஜனவரியில் ஏவப்பட்ட ஐராஸ் விண்தொலைநோக்கி, 57 சென்டிமீட்டர் ஆடியை மீப்பாய்ம ஹீலியத்தில் (உராய்வின்றி ஓடும் அளவுக்குக் குளிர்ந்த திரவ ஹீலியம்) குளிர்வித்து, 12, 25, 60, 100 மைக்ரான்களில் வானத்தின் பெரும்பகுதியை அளந்தது. பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது, பணியும் முடிந்தது. 1995-இல் போன ஐரோப்பாவின் ஐஎஸ்ஓ 2,000 லிட்டருக்கு மேல் ஹீலியம் சுமந்து சென்றது. இரண்டரை ஆண்டுகூட வரவில்லை. 2003-இல் சென்ற ஸ்பிட்சர் வெறும் 360 லிட்டரை வைத்துக்கொண்டு ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஓட்டியது.

எப்படி? பழைய முறையில் தொலைநோக்கி முழுவதையும் ஒரு பெரிய குடுவைக்குள் வைத்து, தரையிலேயே குளிரவைத்து அனுப்புவார்கள். பூமியைச் சுற்றும்போது ஒருபக்கம் சூரியன், மறுபக்கம் பூமியின் சூடு. ஹீலியம் அதனோடு போராடியே ஆவியாகிவிடும். ஸ்பிட்சரின் ஆடியோ வெப்பமாகவே ஏவப்பட்டது. கருவிகள் மட்டும்தான் குடுவைக்குள். கலம் பூமியைச் சுற்றாமல், பூமிக்குப் பின்னால் மெல்லப் பின்தங்கியபடி சூரியனைச் சுற்றியது. கவசத்தின் நிழலில் ஆடி தன் வெப்பத்தைக் கரிய வானத்துக்குக் கொட்டித் தானாகவே பெரும்பாலும் குளிர்ந்துவிட்டது. மிச்ச வேலையை வெளியேறும் ஹீலியம் ஆவி பார்த்துக்கொண்டது. 2009 மே மாதம் ஹீலியம் தீர்ந்த பிறகும் கருவி 30 கெல்வினைத் தாண்டவில்லை என்பதால், 3.6, 4.5 மைக்ரான் உணரிகள் 2020 ஜனவரி வரை வேலை செய்தன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை இந்த அளவுக்குத் துணிந்து வடிவமைக்க முடிந்ததற்கு ஸ்பிட்சரின் அனுபவம் பெரிய துணை.

திட ஹைட்ரஜனும் பயன்பட்டிருக்கிறது. 2009 டிசம்பரில் சென்ற வைஸ் தொலைநோக்கி அதில்தான் குளிர்ந்தது. அதற்கு முன் 1999 மார்ச்சில் சென்ற வயர் என்ற தொலைநோக்கியின் கதை வருத்தமானது. ஏவிய சிறிது நேரத்திலேயே தொலைநோக்கியின் மூடி உரிய காலத்துக்கு முன் கழன்று விழுந்தது. மூடியை வெடித்துத் திறக்கும் மின்னணுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்த நொடியில், அதிலிருந்த சில்லு இன்னும் நிலைப்படாமல் தவறான ஆணையைப் பிறப்பித்ததே காரணம். பூமியின் சூடு உள்ளே பாய, ஹைட்ரஜன் அசுர வேகத்தில் ஆவியானது. அந்த ஆவியின் தள்ளுவிசையில் கலமே பம்பரமாகச் சுழலத் தொடங்கியது. இரண்டொரு நாளில் குளிர்பொருள் முழுவதும் போய்விட்டது. மின்சாரம் வரும் முதல் சில மில்லி நொடிகளில் சில்லு எந்த நிலையில் இருக்கும் என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்ற பாடத்துக்கு ஒரு முழுத் தொலைநோக்கியே விலையானது.

ஜேம்ஸ் வெப்பில் தீர்ந்துபோகும் குளிர்பொருள் கிடையாது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில், சூரியனுக்கு எதிர்ப்புறத்து லக்ராஞ்சே புள்ளியை (பூமியோடு சேர்ந்தே ஒரு கலம் சூரியனைச் சுற்றிவரக்கூடிய இடம்) அது சுற்றுகிறது. அங்கிருந்து சூரியன், பூமி, நிலவு மூன்றும் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். எனவே ஒரே கவசம் மூன்றையும் மறைக்கும். அந்தக் கவசம் 21 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், ஐந்து அடுக்கு. சூரியனைப் பார்க்கும் முதல் அடுக்கு 0.05 மில்லிமீட்டர் தடிமன். மற்ற நான்கும் அதில் பாதி. காப்டன் என்ற பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியப் பூச்சு. வெப்பம் மிகுந்த இரு அடுக்குகளில் கூடுதலாகச் சிலிக்கான் பூச்சு.

ஏன் ஒரே தடித்த அடுக்காக இல்லை? தடித்த அடுக்கு வெப்பத்தைத் தன் உடல் வழியாகவே கடத்திவிடும். அடுக்குகளுக்கு இடையில் வெற்றிடம் இருந்தால் கடத்தல் நின்றுபோகும். கதிர்வீச்சு மட்டுமே மிஞ்சும். இடைவெளி நடுவில் குறுகியும் ஓரத்தில் அகன்றும் இருப்பதால், அடுக்குகளுக்கு நடுவே எதிரொளித்துக்கொண்டே போகும் வெப்பம் பக்கவாட்டில் விண்வெளிக்கு வெளியேறிவிடும். வெயில் பக்கம் 110 டிகிரி செல்சியஸ் வரை போகும்போது, நிழல் பக்கம் மைனஸ் 237-ஐத் தொடுகிறது.

இந்தப் படலத்தை மடித்து ராக்கெட்டுக்குள் வைப்பதுதான் பொறியாளர்களை அதிகம் பயமுறுத்தியது. மடித்த நிலையில் அதைப் பிடித்துவைக்க 107 விடுவிப்புக் கருவிகள். அத்தனையும் திறக்க வேண்டும்; ஒன்று சிக்கினாலும் கவசம் விரியாது. அவற்றின் ஊசிகள் நுழையப் படலத்தில் துளைகள் தேவை. கவசம் விரிந்தபின் ஓர் அடுக்கின் துளையும் அடுத்த அடுக்கின் துளையும் நேர்க்கோட்டில் வந்தால் வெயில் நேராக உள்ளே விழும். ஆகவே அவை விலகி அமையும்படி ஒவ்வொரு துளைக்கும் இடம் கணக்கிட்டிருக்கிறார்கள். மடிப்புக்குள் சிக்கிய காற்றும் ஆபத்து: ராக்கெட்டின் முகக்கூடு கழலும் தருணத்தில் உள்ளே மிச்ச அழுத்தம் இருந்தால் படலம் பலூன்போல் உப்பிக் கிழியலாம். இதற்காகவே அதை ஏற்றிச் சென்ற ஏரியான் 5 ராக்கெட்டின் முகக்கூட்டுக் காற்றுத் துளைகளைத் திருத்தியமைத்தார்கள். 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்டு, 2022 ஜனவரி 8-க்குள் கவசமும் ஆடியும் முழுதாக விரிந்தன.

விரிந்ததும் விறுவிறுவென்று குளிரவிட முடியாது. கார்பன் இழைச் சட்டங்களில் தரையிலேயே ஊறியிருக்கும் நீர், வெற்றிடத்தில் மெல்லக் கசிந்து வெளிவரும். அந்த நேரத்தில் ஆடியோ கருவியோ சுற்றியுள்ளவற்றைவிட முந்திக் குளிர்ந்துவிட்டால் நீராவி அதன்மேல் பனியாகப் படியும். 3 மைக்ரானில் பனி ஒளியை நன்றாக விழுங்கும். அந்த அலைநீளத்து ஆய்வே கெட்டுப்போகும். எனவே முக்கியப் பாகங்களைச் சூடேற்றிகள் வைத்து வெப்பமாகவே பிடித்திருந்து, சட்டத்தின் நீர் வெளியேறிய பிறகு படிப்படியாக அணைத்தார்கள். இது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல. 2023-இல் சென்ற யூக்ளிட் தொலைநோக்கியில், மயிரிழையைவிட மிக மெல்லிய பனிப்படலம் வந்து ஒளி குறைந்தது. 2024 மார்ச்சில் ஒரே ஓர் ஆடியை மைனஸ் 147-லிருந்து மைனஸ் 113 டிகிரிக்குச் சூடாக்கியதும் 15 சதவீதம் கூடுதல் ஒளி வந்தது.

ஜேம்ஸ் வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவியான மிரிக்கு நிழல் மட்டும் போதாது. ஹீலியம் வாயுவை வைத்து இயங்கும் குளிர்பதனி, முதலில் மூன்று கட்டத் துடிப்புக் குழாய்களால் (வாயுவின் அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் குளிரவைப்பவை) 18 கெல்வினை ஒட்டியும், பிறகு ஹீலியத்தைச் சிறு துளை வழியே விரியவிட்டு 7 கெல்வினுக்குக் கீழும் இறக்குகிறது. வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் கவசத்தின் வெப்பப் பக்கத்தில் இருக்கிறது. குளிர்ந்த வாயு குழாய் வழியாகக் கருவிக்குப் போகிறது. 15 கெல்வினுக்கும் 6 கெல்வினுக்கும் இடைப்பட்ட பகுதிதான் இதில் கடினமானது. அங்கே துடிப்புக் குழாயின் பலம் குறைந்துவிடும், விரிவு முறையோ இன்னும் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. அந்த இடுக்கைத் தாண்டி 2022 ஏப்ரல் 7-இல் மிரி இயங்கும் வெப்பநிலைக்கு வந்தது.

ஆடியின் உலோகத்தையும் குளிரே தேர்ந்தெடுத்தது. பெரிலியம் எடை குறைவு, விறைப்பு அதிகம். 100 கெல்வினுக்குக் கீழே ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. ஆனால் அறை வெப்பநிலையிலிருந்து அங்கு இறங்குவதற்குள் வடிவம் மாறிவிடும். அதற்குச் செய்த வேலை அழகானது: ஒவ்வொரு துண்டையும் மெருகேற்றி, குளிர் அறையில் வைத்து எங்கே எவ்வளவு நெளிகிறது என்று அளந்து, அந்த நெளிவை எதிர்த்திசையில் மீண்டும் தேய்த்தார்கள். அறையில் பார்த்தால் வடிவம் தவறாகவே இருக்கும். 40 கெல்வினில்தான் சரியாகும். இப்படி 18 அறுகோணத் துண்டுகள் சேர்ந்தது 6.5 மீட்டர் ஆடி. மேலே 100 நானோமீட்டர் தங்கம். தங்கம் அகச்சிவப்பில் 98 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். நீல ஒளியை விழுங்கும். வெப்பின் பார்வை 0.6 மைக்ரானில் தொடங்குவது இதனால்தான். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் நிலையைத் திருத்த ஆறு இயக்கிகள், வளைவைத் திருத்த ஒன்று. 10 நானோமீட்டரை ஒட்டிய அடிகளில் நகரக்கூடியவை. ஆரம்பத்தில் ஒரே விண்மீன் 18 புள்ளிகளாகத் தெரிந்தது. அவற்றை ஒன்றாக்கி முடிக்க மாதக்கணக்கில் ஆனது.

இனி உணரி தரும் தரவு. சாதாரணக் கேமராபோல் ஒருமுறை திறந்து மூடி எடுக்கும் படம் இது இல்லை. மின்னேற்றத்தை அழிக்காமலே திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஜேம்ஸ் வெப்பின் அண்மை அகச்சிவப்புக் கேமராவான நிர்கேம், முழுச் சட்டத்தை ஒருமுறை படிக்க 10.7 நொடி எடுக்கும். ஒவ்வொரு படவணுவிலும் (பிக்சல்) மின்னேற்றம் ஒரு சாய்கோடாக ஏறிக்கொண்டே போகும். அந்தச் சாய்வுதான் ஒளியின் அளவு. அண்டக்கதிர் ஒன்று மோதினால் கோட்டில் திடீரென்று ஒரு படி தெரியும். அந்த இடத்தை வெட்டிவிட்டு முன்னும் பின்னும் உள்ள சாய்வை எடுத்துக்கொள்ளலாம். சில மோதல்கள் மட்டும் நூற்றுக்கணக்கான படவணுக்களுக்குப் பரவும். பனிப்பந்துகள் என்று செல்லப்பெயர் பெற்ற இவற்றை மென்பொருள் தனியாகக் கண்டுபிடித்து விலக்க வேண்டும். வாசிப்பு மின்சுற்றின் மெல்லிய ஏற்ற இறக்கம் படத்தில் கிடைக்கோடுகளாகத் தெரியும். நடு அகச்சிவப்பில் வேறு தொல்லை: சூரியக் குடும்பத்துத் தூசியே 10 மைக்ரானை ஒட்டி ஒளிர்கிறது, ஏறக்குறைய 12 மைக்ரானுக்கு மேலே கவசத்தின் எஞ்சிய சூடு முந்திக்கொள்கிறது. அதனால் இலக்கைச் சுட்டிச் சற்றே நகர்த்திப் பலமுறை எடுப்பார்கள். பரந்த நெபுலா என்றால் பக்கத்து வெற்று வானத்தையும் தனியாக எடுத்துக் கழித்தாக வேண்டும். பொதுக் காப்பகத்திலிருந்து கோப்புகளை இறக்கிப் பார்க்கும் ஆர்வலர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றாம் நிலைக் கூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் முதல் நிலைச் சாய்வுக் கோப்புக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பாதி "கண்டுபிடிப்புகள்" அங்கேயே கரைந்துவிடும்.

இவ்வளவும் எதற்கு? தூசிக்கு அப்பால் பார்ப்பது முதல் பலன். நம் பால்வெளியின் மையத்தைத் தூசி 30 பரும (விண்மீன் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மறைக்கிறது. அதாவது ஒரு லட்சம் கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நம்மை எட்டும். 2.2 மைக்ரானில் பத்தில் ஒன்று வந்துவிடும். குளிர்ந்த பொருள்கள் இரண்டாவது. வைஸ் தரவிலிருந்து கிடைத்த ஒரு பழுப்புக் குள்ளன் (விண்மீனாகும் அளவுக்கு எடை இல்லாத பொருள்) 7.4 ஒளியாண்டு தூரத்தில், உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் இருக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் 2014 வரை யாருக்கும் தெரியாது. சிறுகோள்களின் பருமனை அளப்பதற்கும் வெப்ப ஒளியே சிறந்தது. எதிரொளித்த வெளிச்சத்தை மட்டும் வைத்தால் சிறிய வெண்பாறையும் பெரிய கரும்பாறையும் ஒன்றாகத் தெரியும். வெப்பம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். 2025-இல் செய்திகளில் அடிபட்ட 2024 ஒய்ஆர்4 சிறுகோள் 60 மீட்டர் அளவு என்று வெப் சொன்னது இப்படித்தான்.

தொலைதூரக் கேலக்ஸிகளின் கணக்கும் எளிதுதான். ஹைட்ரஜன் 0.1216 மைக்ரானுக்குக் கீழ் உள்ள ஒளியை வழியிலேயே வெட்டிவிடும். பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளமும் நீளும்; அதன் அளவுதான் செந்நகர்வு. அந்த வெட்டு, செந்நகர்வுடன் ஒன்றைக் கூட்டிய மடங்குக்கு நீளும். செந்நகர்வு 14 என்றால் வெட்டு 1.8 மைக்ரானில் விழும்: அதற்குக் குறைந்த அலைநீள வடிகட்டிகளில் கேலக்ஸி மறைந்துபோகும், மேலே பளிச்சிடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். செந்நகர்வு 16 என்று முதலில் மதிப்பிட்ட ஒரு கேலக்ஸி, நிறமாலை எடுத்ததும் 4.9-இல் வந்து நின்றது. தூசியின் சிவப்பும், சரியாக வடிகட்டிகளுக்குள் விழுந்த வலுவான உமிழ்கோடுகளும் சேர்ந்து போட்ட வேடம் அது. நிறமாலை இல்லாத சாதனைச் செய்திகளைச் சற்றே நிதானித்து வாசிப்பது நல்லது.

என் மனம் அதிகம் நிற்பது பாறைக் கோள்களில். வாஸ்ப்-39பி என்ற வெப்ப வாயுக் கோளில் 4.3 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடைக் காண்பது 2022-இல் வெப்புக்கு எளிதாகவே இருந்தது. உப்பிய வளிமண்டலம், வலுவான அடையாளம். பூமி அளவுக் கோளில் அடையாளம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றும் பாறைக் கோளான டிராப்பிஸ்ட்-1பி தன் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது 15 மைக்ரானில் ஒளி எவ்வளவு குறைகிறது என்று ஐந்து முறை அளந்தார்கள். பத்து லட்சத்தில் 861 பங்கு. பிழை எல்லை 99. அது பகல் பக்கம் 500 கெல்வினை ஒட்டி இருப்பதைக் காட்டியது. தடித்த காற்று இருந்திருந்தால் வெப்பம் இரவுப் பக்கத்துக்கும் பரவிப் பகல் குளிர்ந்திருக்கும். ஆக அங்கே தடித்த வளிமண்டலம் இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, அதே விண்மீனை உயிர் வாழத் தக்க தூரத்தில் சுற்றும் டிராப்பிஸ்ட்-1இ. இங்கே சிக்கல் கருவியிடம் இல்லை, விண்மீனிடம் இருக்கிறது. அதன் பரப்பில் உள்ள புள்ளிகளும் வெடிப்புகளும் நிறமாலையில் பதிக்கும் தடயம், கோளின் காற்று பதிக்கக்கூடியதைவிடப் பெரியது. ஒவ்வொரு முறையும் வேறு. எனவே பி கோளும் இ கோளும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்து விண்மீனைக் கடக்கும் நாள்களாகப் பார்த்து நேரம் ஒதுக்குகிறார்கள். பி-யில் காற்று இல்லையென்றால் அதன் நிறமாலையில் தெரிவது முழுக்க விண்மீனின் தடயம். அதே நாளின் இ நிறமாலையிலிருந்து அதைக் கழித்துவிட்டு, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார்கள்.